பெண்கள் உடல்நலமும் பாலினச் சமத்துவமும்: உலகம் எங்கே வந்து நிற்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகளவில் பெண்களின் நிலை முன்னேறியிருக்கிறது என்று வாதிட ஒரு கட்டுப் புள்ளிவிவரம் கிடைக்கும். முன்னேறவில்லை என்று வாதிடவும் அதே கனத்தில் இன்னொரு கட்டு கிடைக்கும். இரண்டுமே பொய்யில்லை. இந்த விஷயத்தில் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தர முயல்கிறோம். நேரம் குறைவாக உள்ளவர்கள் பேறுகால இறப்பு பற்றிய பகுதியையாவது படித்துவிடுங்கள்.

முதலில் நேரடியாகச் சொல்லுங்கள்: முன்னேற்றம் இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 328 தாய்மார் இறந்தார்கள். 2023இல் அது 197 ஆகக் குறைந்தது. 1995இல் உலக நாடாளுமன்றங்களில் பெண்கள் 11 சதவீதம். 2025 தொடக்கத்தில் 27 சதவீதம். 25 ஆண்டுகளுக்கு முன் நான்கில் ஒரு பெண் 18 வயதுக்குள் மணமுடிக்கப்பட்டாள். இன்று ஐந்தில் ஒருத்தி.

ஆனால் எது வேகமாக மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிராத மாற்றங்கள் விரைவாக நடந்திருக்கின்றன: தடுப்பூசி, மருந்து, பள்ளிச் சேர்க்கை. அதிகாரத்தையோ சொத்தையோ ஓய்வு நேரத்தையோ இன்னொருவர் விட்டுக்கொடுத்தால்தான் நடக்கும் என்ற மாற்றங்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. குடும்ப வன்முறை, வீட்டு வேலைப் பங்கீடு, தன் உடல்மீது தனக்குள்ள உரிமை ஆகியவை இரண்டாவது வகை. இந்தப் பக்கத்தில் வரும் பல பதில்களை இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துப் படித்தால் குழப்பம் குறையும்.

இதற்கெல்லாம் நாடுகள் எப்போது வாக்குக் கொடுத்தன?

நான்கு ஆண்டுகளை நினைவில் வைத்தால் போதும். 1979இல் பெண்களுக்கெதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. இன்று ஏறக்குறைய எல்லா நாடுகளும் அதில் உறுப்பு. கையெழுத்திட்டும் இன்றுவரை உறுதிசெய்யாத நாடுகளில் ஒன்று அமெரிக்கா. 1994இல் கெய்ரோ மாநாடு. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்துவது என்ற பேச்சிலிருந்து விலகி, எத்தனை குழந்தை, எப்போது என்பதை முடிவுசெய்வது பெண்ணின் உரிமை என்ற இடத்துக்கு 179 நாடுகள் அங்கே வந்து சேர்ந்தன. 1995இல் பெய்ஜிங் மாநாடு: 189 நாடுகள், 12 துறைகள், நீண்ட செயல்திட்டம். 2015இல் நிலையான வளர்ச்சி இலக்குகள். அவற்றில் ஐந்தாவது பாலினச் சமத்துவம், மூன்றாவது உடல்நலம்.

இவற்றில் எதற்கும் தண்டனை அதிகாரம் கிடையாது. அதனால் பயனில்லை என்று ஒதுக்கவும் முடியாது. உள்நாட்டு நீதிமன்றங்களிலும் சட்ட வரைவுகளிலும் இந்த உடன்படிக்கைகளை எடுத்துக்காட்டித்தான் பல நாடுகளில் பெண்கள் அமைப்புகள் வழக்காடி வென்றிருக்கின்றன.

பேறுகால இறப்பை ஏன் இவ்வளவு முக்கியமான அளவுகோலாகக் கொள்கிறார்கள்?

ஏனென்றால் அது வெறும் மருத்துவக் கணக்கு அன்று. ஒரு பெண் பிரசவத்தில் உயிர்பிழைக்க அவள் போதிய வயதில் கருத்தரித்திருக்க வேண்டும், ரத்தசோகை இல்லாமல் இருக்க வேண்டும், வலி வந்ததும் மருத்துவமனைக்குப் போகலாம் என்று வீட்டில் ஒருவர் முடிவெடுக்க வேண்டும், வண்டி கிடைக்க வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் பயிற்சி பெற்ற செவிலியரும் ரத்தமும் மருந்தும் இருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணக்கில் ஓர் உயிர் கூடிவிடும்.

2023இல் உலகம் முழுவதும் சுமார் 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்திலோ பிரசவத்திலோ அதையொட்டியோ இறந்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர். அவர்களில் பத்தில் ஏழு பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். நைஜீரியாவில் மட்டும் சுமார் 75,000 பேர். வறிய நாடுகளில் ஒரு லட்சம் பிறப்புக்கு 346 இறப்பு. செல்வ நாடுகளில் 10. ஆண், பெண் ஏற்றத்தாழ்வோடு நாடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வும் சேர்ந்து அழுத்தும் இடம் இது.

அவர்கள் எதனால் இறக்கிறார்கள்? தடுக்கவே முடியாதா?

பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம். தனியொரு காரணமாகப் பார்த்தால் முதலிடம் ரத்தப்போக்குக்கு. அடுத்து கர்ப்பகால உயர் ரத்த அழுத்தமும் அதனால் வரும் வலிப்பும், தொற்று, பாதுகாப்பற்ற கருக்கலைப்பு ஆகியவை. வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் போதும். அது ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2002இலேயே காட்டிவிட்டது.

ரத்தப்போக்கின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. சுருங்க வைக்க ஆக்சிடோசின் ஊசி இருக்கிறது. ஆனால் அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் நம்ப முடியாத சுகாதார நிலையத்தில் அலமாரியில் இருக்கும் ஆக்சிடோசின் பெயரளவில்தான் மருந்து. வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் என்ற மாற்று மருந்து அதே அளவு பயன் தருகிறது என்பது பத்து நாடுகளில் நடந்த ஆய்வில் 2018இல் உறுதியானது.

இன்னொரு மருந்தின் வரலாறு இன்னும் கசப்பானது. ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோவும் அவருடைய கணவர் ஷோசுகேயும் 1962இல் டிரானெக்ஸாமிக் அமிலத்தைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். பிரசவ ரத்தப்போக்கைத் தடுக்க வேண்டும் என்பதுதான் உடாகோவின் நோக்கம். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் அவர். ஆனால் மகப்பேறு மருத்துவர்களை அதைச் சோதித்துப் பார்க்கச் செய்ய அவரால் முடியவில்லை. அறுவைச் சிகிச்சை, பல் சிகிச்சை என்று மருந்து வேறு இடங்களுக்குப் போய்விட்டது. 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது 2017இல்: மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கு இறப்புகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகின்றன. உடாகோ அதற்கு முந்தைய ஆண்டு 98 வயதில் காலமாகியிருந்தார். மருந்து கண்டுபிடிக்கப்பட்டதற்கும் அது யாருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ அவர்களிடம் சோதிக்கப்பட்டதற்கும் நடுவே 55 ஆண்டுகள்.

மருந்துகள் இருந்தும் ஏன் இறப்பு நிற்கவில்லை?

யாருக்கு அளவுக்கு மீறி ரத்தம் போகிறது என்று உரிய நேரத்தில் கண்டுபிடிக்காததால். பல பிரசவ அறைகளில் ரத்த இழப்பைக் கண்ணளவில்தான் மதிப்பிடுகிறார்கள். துணி ரத்தத்தை உறிஞ்சிவிடும், தரையில் வழியும், கண் ஏமாறும்.

இதற்கு வந்த தீர்வு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. பிரசவம் ஆனவுடன் தாயின் இடுப்புக்குக் கீழே விரிப்பார்கள். அதன் முனை புனல்போலத் தொங்கும் பையில் முடியும். பையில் அளவுக் கோடுகள் இருக்கும். ரத்தம் 500 மில்லிலிட்டர் கோட்டைத் தொட்டாலோ, 300ஐத் தாண்டி மற்ற அபாய அறிகுறிகளும் தெரிந்தாலோ, செவிலியர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் எல்லாச் சிகிச்சைகளையும் ஒன்றாகத் தொடங்க வேண்டும்: கருப்பையைப் பிசைந்துவிடுதல், சுருக்கும் மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்புவழித் திரவம், காயம் உண்டா என்ற பரிசோதனை. முன்பு இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து, பலிக்கிறதா என்று பார்த்து, அடுத்ததற்குப் போவார்கள். அந்த இடைவெளியில்தான் உயிர் போகும்.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் இந்த முறை சோதிக்கப்பட்டு 2023இல் முடிவு வந்தது. கடுமையான ரத்தப்போக்கு முதலான ஆபத்தான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. வழக்கமான முறையில் பாதி ரத்தப்போக்குகள்தான் கண்டறியப்பட்டன. விரிப்பு பயன்படுத்திய மருத்துவமனைகளில் 93 சதவீதம். அந்த விரிப்பில் புதிய அறிவியல் எதுவும் இல்லை. செவிலியருக்குத் தானே முடிவெடுக்கும் அதிகாரத்தை ஒரு கோடு கொடுத்தது, அவ்வளவுதான்.

செல்வ நாடுகளில் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

இல்லை. பணம் இருந்தால் தானாகத் தீரும் என்பதற்கு அமெரிக்கா நல்ல மறுப்பு. மருத்துவத்துக்கு உலகிலேயே அதிகம் செலவிடும் நாடு அது. ஆனால் ஒத்த செல்வ நாடுகளோடு ஒப்பிட்டால் பேறுகால இறப்பும் அங்கேதான் அதிகம். கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இறக்கிறார்கள். இந்த இறப்புகளில் 80 சதவீதத்துக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை என்று ஆராய்ந்த அந்நாட்டுக் குழுக்களே சொல்கின்றன.

மறுபக்கம் நேபாளம். 1996இல் ஒரு லட்சத்துக்கு 539 ஆக இருந்த இறப்பு 2021 கணக்கெடுப்பில் 151. மலைக் கிராமங்களில் 1988 முதல் வேலைசெய்யும் சுமார் 50,000 பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், 2002இல் சட்டபூர்வமான கருக்கலைப்பு, மருத்துவமனையில் பிரசவிப்பவருக்குப் பயணப்படி எனப் பல காரணங்கள் சேர்ந்தன. அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலமும் இதில் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது.

பதிவேடே இல்லாத ஊர்களில் இறப்பை எப்படி எண்ணுகிறார்கள்?

நல்ல கேள்வி, குறைவாகக் கேட்கப்படும் கேள்வியும்கூட. இறப்புப் பதிவு இல்லாத இடங்களில் வீடு வீடாகப் போய், பெண்களிடம் அவர்களுடைய உடன்பிறந்த சகோதரிகளைப் பற்றிக் கேட்பார்கள். உங்களுடன் பிறந்த சகோதரிகள் எத்தனை பேர்? எத்தனை பேர் உயிரோடு இல்லை? இறந்தபோது கருவுற்றிருந்தாரா, பிரசவத்தின்போதா, பிரசவமாகி இரண்டு மாதத்துக்குள்ளா? ஒரு குடும்பத்தின் நினைவிலிருந்து கணக்கு எடுக்கும் முறை இது. 1980களின் இறுதியில் வகுக்கப்பட்டது. பல நாடுகளின் விகிதம் இப்படிக் கேட்டு, மாதிரிக் கணக்கீட்டில் இட்டு வந்ததுதான். ஆகவே எந்த எண்ணையும் கடைசி இலக்கம்வரை நம்ப வேண்டாம், போக்கை நம்பலாம்.

இந்தக் கேள்விகளைக் கேட்டுவந்த முக்கியமான ஆய்வு, அமெரிக்க நிதியில் 1984 முதல் நடந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம். 2025 பிப்ரவரியில் அதற்கான நிதி நிறுத்தப்பட்டது. அந்தக் கணக்கெடுப்பு இல்லாமல் போனால் இறப்பு குறையாது. இறப்பைப் பற்றிய செய்தி குறையும்.

கருப்பைவாய்ப் புற்றுநோயை ஒழிக்க முடியும் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். புற்றுநோய்களிலேயே ஒழிக்கும் திட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது இதற்குத்தான். ஏறக்குறைய எல்லாக் கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ் காரணம். இதைக் காட்டிய ஹரால்டு சுர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். தடுப்பூசி 2006இல் வந்தது. 2007இல் ஆஸ்திரேலியா நாடு தழுவிய திட்டம் தொடங்கியது, 2011இல் ருவாண்டா. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களிடம் பின்னாளில் திசுக்களுக்குள் ஊடுருவும் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒன்றுகூடத் தென்படவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டுகிறது.

2020இல் வகுக்கப்பட்ட இலக்கு 90–70–90 என்று சொல்லப்படுகிறது. 2030க்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி. 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதிலும் 45 வயதிலும் பரிசோதனை. நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. 2022இல் ஒரே தவணை ஊசி போதும் என்று நிபுணர் குழு சொன்னது பெரிய திருப்பம். செலவும் பாதி, பள்ளிக்கு இரண்டாம் முறை போக வேண்டிய வேலையும் இல்லை. ஆயினும் அதே 2022இல் இந்த நோயால் சுமார் 3,50,000 பெண்கள் இறந்தார்கள். இன்று தடுப்பூசி போடும் சிறுமி முப்பது ஆண்டு கழித்துப் பலன் காண்பாள். இன்று நாற்பது வயதில் இருப்பவளைக் காப்பது பரிசோதனைதான். பல நாடுகளில் பின்தங்குவது அந்த நடுவிலுள்ள 70தான்.

பெண்கள்தானே ஆண்களைவிட அதிக ஆண்டுகள் வாழ்கிறார்கள்? பிறகு என்ன குறை?

அதிகம் வாழ்கிறார்கள், உலகச் சராசரியில் ஏறக்குறைய ஐந்து ஆண்டு. ஆனால் வாழும் ஆண்டுகளில் நோயோடு கழிப்பவை பெண்களுக்குக் கூடுதல். ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு, மூட்டுவலி, தன்னுடல் தாக்கு நோய்கள் போன்ற உயிரை உடனே எடுக்காத, ஆனால் நாளைத் தின்கிற நோய்கள் பெண்களிடம் அதிகம். இறப்பை மட்டும் எண்ணுகிற கணக்கில் இவை வரவே வராது.

இதற்கு ஒரு பகுதிக் காரணம் மருத்துவ ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் ஊனத்துடன் பிறந்த பேரிடருக்குப் பின், 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த இந்த விதி 1993வரை நீடித்தது. ஆண் உடலில் சோதித்த அளவு பெண் உடலுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலில் மெதுவாகவே வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சமிருக்கிறது என்பதைக் கண்டு பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தது 2013இல். மாத்திரை சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகள் கழித்து.

எண்டோமெட்ரியோசிஸ் இன்னொரு உதாரணம். கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடும் வலி தரும் நோய். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இது உண்டு. நோய் இதுதான் என்று தெரியவே பல ஆண்டுகள் ஆகின்றன. மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்ற பதிலை ஒரு பெண் முதலில் வீட்டிலும் பிறகு மருத்துவரிடமும் கேட்டுவிட்டுத்தான் மூன்றாவது கதவைத் தட்டுகிறாள்.

ரத்தசோகை?

நகரவே இல்லை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகையைப் பாதியாகக் குறைப்பது என்று 2012இல் உலக சுகாதாரப் பேரவை இலக்கு வைத்தது, காலக்கெடு 2025. இன்றும் உலகில் ஏறக்குறைய 30 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை. காலக்கெடுதான் 2030க்கு நகர்ந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை மலிவு. ஆனால் குடும்பத்தில் யார் கடைசியில் சாப்பிடுகிறார், யாருக்கு மிச்சம் என்ற கேள்விக்கு மாத்திரையில் பதில் கிடையாது.

கருத்தடை, கருக்கலைப்பு உரிமைகள் எந்தத் திசையில் போகின்றன?

இரண்டு திசையிலும். அயர்லாந்து 2018 பொதுவாக்கெடுப்பில் தடையை நீக்கியது. அர்ஜென்டினா 2020 இறுதியில், கொலம்பியா 2022இல் தளர்த்தின. 2024 மார்ச்சில் பிரான்ஸ் கருக்கலைப்புச் சுதந்திரத்தை அரசியல் சட்டத்திலேயே எழுதியது. எதிர்த்திசையில், 2020இல் போலந்து நீதிமன்றம் விதியை இறுக்கியது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுப் பாதுகாப்பை விலக்கியது.

தடை போட்டால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, ருமேனியாவில் நடந்திருக்கிறது. மக்கள்தொகையைப் பெருக்க விரும்பிய அரசு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தது, கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. பிறப்பு சில ஆண்டுகள் ஏறிப் பிறகு இறங்கிவிட்டது. ஏறியபடியே இருந்தது தாய்மார் இறப்பு. ஐரோப்பாவிலேயே அதிகம் என்ற நிலைக்குப் போயிற்று. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தவுடன் புதிய அரசு முதலில் நீக்கிய சட்டங்களில் இதுவும் ஒன்று. அடுத்த ஆண்டே பேறுகால இறப்பு ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. மருத்துவமனைகள் அதேதான், மருத்துவர்களும் அதே மருத்துவர்கள்தான்.

கருத்தடையில் இன்னொரு கணக்கு உண்டு. கருத்தரிக்க விரும்பாத, ஆனால் பாதுகாப்பான நவீன முறை எதையும் பயன்படுத்தாத பெண்கள் சுமார் 25.7 கோடிப் பேர் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2022இல் சொன்னது. கடையில் பொருள் இல்லை என்பது எல்லா இடத்திலும் காரணமாக இருப்பதில்லை. பக்கவிளைவு பற்றிய அச்சம், கணவரின் எதிர்ப்பு, கேட்கக் கூச்சம் என்று பட்டியல் நீளும்.

பெண்கள்மீதான வன்முறை குறைந்திருக்கிறதா?

மிக மிக மெதுவாக. உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் துணைவரிடமிருந்தோ வேறொருவரிடமிருந்தோ உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார். 2023இல் மட்டும் சுமார் 51,000 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டார்கள். நாளுக்கு 140 பேர். ஆண்களே கொலைகளில் அதிகம் சாகிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஆணுக்கு ஆபத்து பெரும்பாலும் வெளியே, பெண்ணுக்கு வீட்டுக்குள்ளே.

சட்டம் போட்டால் போதுமா? பெண் உறுப்புச் சிதைப்புக்குத்தான் பல நாடுகளில் தடை இருக்கிறதே?

சட்டம் தேவை, போதாது. மருத்துவக் காரணம் ஏதுமின்றிச் சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் இந்த வழக்கத்துக்கு ஆளாகி இன்று உயிரோடு இருப்பவர்கள் 23 கோடிக்கு மேல் என்று யுனிசெப் 2024இல் கணக்கிட்டது. பல நாடுகளில் புதிய தலைமுறையில் வழக்கம் குறைகிறது, ஆனால் அது நிலவும் நாடுகளில் மக்கள்தொகை அதைவிட வேகமாகப் பெருகுகிறது. விகிதம் இறங்கும்போதே எண்ணிக்கை ஏறும் விசித்திரம் இதுதான்.

காம்பியாவில் 2015இல் தடைச் சட்டம் வந்தது. 2024இல் அதை நீக்க ஒரு மசோதா வந்தது. பாதிக்கப்பட்ட பெண்களும் மருத்துவர்களும் மாதக்கணக்கில் போராடிய பின் ஜூலையில் நாடாளுமன்றம் மசோதாவை நிராகரித்தது. கிடைத்த சட்டத்தைக் காப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

வீட்டு வேலைக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. சம்பளமில்லாத பராமரிப்பு வேலைகளில் நான்கில் மூன்று பங்கு நேரம் பெண்களுடையது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. விறகு, கரி, சாணம் எரிக்கும் அடுப்புகளை நம்பியிருப்பவர்கள் உலகில் இன்றும் சுமார் 210 கோடிப் பேர். அந்தப் புகையில் நாள்தோறும் பல மணி நேரம் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுப் புகையால் 2020இல் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள். நேரமின்மையும் நோய்தான்: குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய் தன் மார்பில் தென்பட்ட கட்டியைக் காட்ட ஆறு மாதம் கழித்து வருகிறாள்.

ஆண்களின் உடல்நலம் முக்கியமில்லையா?

முக்கியம். புகை, மது, சாலை விபத்து, உதவி கேட்கத் தயக்கம் ஆகியவை ஆண்களின் ஆயுளைக் குறைக்கின்றன. பெண்களுக்குச் செலவிடுவது ஆண்களிடமிருந்து பறிப்பது என்ற கணக்கு மட்டும் தவறு.

முன்னேறிய நாடு பின்னோக்கிப் போனதுண்டா?

ஆப்கானிஸ்தான். 2000க்குப் பின் அங்கே பேறுகால இறப்பு பாதிக்கு மேல் குறைந்தது. உள்ளூர்ப் பெண்களையே மருத்துவச்சிகளாகப் பயிற்றுவித்து ஊருக்குத் திருப்பி அனுப்பியது அதில் பெரும்பங்கு. 2021இல் தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் சிறுமிகளுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி மூடப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகம். 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சியும். பெண்ணுக்குப் பெண்தான் மருத்துவம் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தும் ஆட்சியே பெண் மருத்துவப் பணியாளர்கள் உருவாகும் கடைசி வாசலையும் அடைத்திருக்கிறது. இப்போது பணியிலிருப்பவர்கள் ஓய்வுபெறும்போது என்ன நடக்கும் என்பதற்குக் கணிதம் தேவையில்லை.

சமத்துவத்துக்கு 123 ஆண்டு ஆகும் என்று செய்தியில் வருகிறதே, அது என்ன?

உலகப் பொருளாதார மன்றம் ஆண்டுதோறும் வெளியிடும் குறியீட்டில் 2025இல் வந்த எண் அது. கல்வி, உடல்நலம், பொருளாதாரம், அரசியல் நான்கிலும் ஆண், பெண் இடைவெளியை அளந்து, இதே வேகத்தில் போனால் எப்போது மூடும் என்று நீட்டிப் பார்க்கிறார்கள். ஐஸ்லாந்து 16ஆவது ஆண்டாக முதலிடம். எச்சரிக்கை ஒன்று: இது இடைவெளியை அளக்கிறதே தவிர நிலையை அளப்பதில்லை. ஆணும் பெண்ணும் சமமாக வறுமையில் இருந்தாலும் மதிப்பெண் கிடைக்கும். தலைப்புச் செய்திக்கு ஏற்ற எண். கொள்கை வகுக்க ஏற்றதன்று.

2025இல் வெளிநாட்டு உதவி வெட்டப்பட்டதன் விளைவு என்ன?

மிகப் பெரிய நன்கொடையாளரான அமெரிக்கா ஜனவரியில் உதவிகளை நிறுத்திவைத்தது. ஜூலை 1 அன்று அதன் உதவி நிறுவனம் இயங்குவதை நிறுத்தியது. முதலில் அடிபட்டவை பேறுகாலச் சேவை, கருத்தடை, எச்.ஐ.வி. தடுப்பு ஆகியவை. அதே காலத்தில்தான் ஒரு நல்ல செய்தியும் வந்திருந்தது என்பது வேதனை. லெனகாபாவிர் என்ற ஊசியை ஆண்டுக்கு இருமுறை போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை என்று உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வு 2024இல் காட்டியது. தினசரி மாத்திரைப் புட்டியை வீட்டில் ஒளித்துவைக்க வேண்டியிருந்த பெண்களுக்கு இந்த ஊசி எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தேவையில்லை. ஊசி தயார், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மருத்துவ நிலையங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

2030 இலக்குகள் நிறைவேறுமா?

பேறுகால இறப்பில் நிறைவேறாது. 197ஐ ஏழே ஆண்டில் 70க்குக் கீழே கொண்டுவர ஆண்டுக்கு ஏறக்குறைய 15 சதவீதம் குறைய வேண்டும்; 2016க்குப் பின் ஆண்டுக்கு 2 சதவீதம்கூடக் குறையவில்லை. ஐந்தாம் இலக்கின் பெரும்பாலான குறியீடுகளும் தடம் விலகியே இருக்கின்றன.

எச்.பி.வி. தடுப்பூசி மட்டும் ஏறுமுகம். 2019இல் உலகச் சிறுமிகளில் 17 சதவீதத்தினருக்கே முதல் தவணை கிடைத்தது. 2024இல் 31 சதவீதம். ஒரே தவணை என்ற முடிவும், மக்கள்தொகை மிகுந்த நைஜீரியா, வங்கதேசம் போன்ற நாடுகள் 2023இல் திட்டத்தில் சேர்ந்ததும் காரணம். 2030க்குள் 90ஐ எட்டுவது கடினம்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் உள்ள எண்களில் ஆண்டுதோறும் திரும்ப வந்து பார்க்கத் தக்கது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். அதற்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, அந்தப் பிளாஸ்டிக் விரிப்பு எத்தனை நாடுகளின் அரசுக் கொள்முதல் பட்டியலில் இடம்பிடிக்கிறது என்பது.